பட்டன் டப்பாவில் இரண்டு சீட்டுகள்

அன்றைக்குக் காலையிலும் அவர் அத்தையின் வசனத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படித்தார். "சூப்பில் நான் உப்புத்தான் போட்டேன், வேறு எதையும் போடவில்லை" என்று கதையில் வருகிற அத்தை போலீஸ்காரரிடம் அழுகிற இடம். ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு மூன்றாவது பட்டனை வைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊசி விரலில் ஏறிவிட்டது.

"அழுவுற பொம்பளைக்கு எதுக்குங்க மூக்கடைப்பு?"

"அழுதா மூக்கடைக்காதா? நீ அழுது நான் பார்த்திருக்கேனே."

"எப்பப் பார்த்தீங்க?"

"வெங்காயம் உரிக்கறப்ப."

விரலை வாயில் வைத்துக்கொண்டு அவரை முறைத்தாள். அவர் அத்தையை விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ வைத்தார்.

இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தையல் மிஷின் ஓடியதில்லை. கல்யாணமான புதிதில் அவள் மிஷினை மிதிக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படிக்க, சத்தத்தில் அவருக்குக் கோபம் வந்து, அப்புறம் இரண்டு பேருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மிஷின் வேலை ஒன்பதுக்குமேல். எட்டிலிருந்து ஒன்பதுவரை கைவேலை மட்டும்: பட்டன், கொக்கி, பேன்ட்டின் கீழ்மடிப்பு. அவள் கை தைக்கும், அவர் வாய் படிக்கும். பஸ் டிப்போவில் அவருக்கு மதிய ஷிப்ட். டயர் கழற்றி மாட்டுகிற வேலை என்பதால் அங்கே அவர் பெயரே டயரண்ணன்தான்.

நாவல்களில் வருகிற நீளமான பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அதனால் பெயரையே படிக்கமாட்டார். அத்தை, தோட்டக்காரன், தம்பி மகன், டாக்டர், சமையல்காரி என்று முறையும் தொழிலும் சொல்லி, கண்ணால் ஒன்றைப் பார்த்து வாயால் வேறொன்றைப் படிப்பார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறமாட்டார். இவளுக்கும் அப்படியே பழகிவிட்டது. எந்தக் கதையிலும் யாருக்கும் பெயரே கிடையாது.

புத்தகமெல்லாம் நகராட்சி லைப்ரரியில் எடுப்பது. டிப்போவில் பாதிப் பேர் அங்கே மெம்பர். மதியச் சாப்பாட்டு வேளையில் அடுக்குப் பாத்திரத்தைத் திறக்குமுன் யார் கொலைகாரன் என்ற சண்டை தொடங்கிவிடும். ஆளாளுக்கு ஒரு அடையாளம் உண்டு. அட்டை மாற்றி வருகிற பழைய புத்தகத்தைப் புதுசென்று நினைத்து எடுத்து ஏமாந்துவிடாமல் இருக்க, படித்து முடித்ததும் புத்தகத்துக்குள் ஒரு குறி வைப்பார்கள். லைப்ரரியம்மாவுக்கும் அது தெரியும். பென்சிலாக இருக்கிறவரை கண்டுகொள்ளமாட்டார். இவருடையது முப்பத்து மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு புள்ளி. படித்து முடித்த அன்றுதான் வைப்பார். முன்கூட்டி வைத்தால் அது பொய் சொன்ன மாதிரி என்பார்.

வீட்டுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முந்தினது முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரன் யாரென்று எழுதி, மடித்து, காலிப் பட்டன் டப்பாவில் போட வேண்டும். மறுநாள் காலையில் கடைசி அத்தியாயம், பிறகு டப்பா. தோற்றவர் அடுத்த புத்தகம் முடிகிறவரை தினமும் பத்து ஊசிகளில் நூல் கோத்து வைக்க வேண்டும். இவளுக்கு நாற்பது வயதிலிருந்தே கிட்டத்துப் பார்வை மங்கல் என்பதால் பந்தயம் அவளுக்குத்தான் லாபம். அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். காரணம் வேறொன்றுமில்லை. கதையில் டாக்டர் ஒருவர் வந்துவிட்டால், சீட்டில் டாக்டர்தான். டாக்டரே செத்துப்போன கதையில்கூட, செத்தது வேறு டாக்டராக இருக்கும் என்று எழுதிய மனிதர்.

"உங்களுக்கு அவங்க மேல என்னதாங்க கோவம்?"

"நல்லா இருக்கறவனைப் படுக்க வெச்சு, நாக்கை நீட்டுங்கறானே, அவனை எப்படி நம்பறது?"

அத்தை அழுத அந்த வியாழக்கிழமை அவர் புத்தகத்தை மூடிவிட்டு இடது தோளைப் பிசைந்துகொண்டார். ஒரு வாரமாகவே பிசைந்துகொண்டிருந்தார். கனமான டயர் புரட்டினது, பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தார். இவள் தைலம் தேய்த்துவிட்டிருந்தாள். மூச்சு வாங்குகிறதையும் பார்த்திருந்தாள்.

சீட்டு கிழித்துக் கொடுக்கும்போது சொன்னாள்: "இந்தத் தடவையும் டாக்டர்னு எழுதினீங்கன்னு வைங்க, நாளைக்குக் காலையில மொத வேலையா உங்களைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு டாக்டர்கிட்டதான் போவேன். சும்மா சொல்லல."

"என்ன மிரட்டறியா?"

"ஆமா, மிரட்டறேன்."

அவர் சின்னப் பையன் பரீட்சை எழுதுகிற மாதிரி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். சிரித்துக்கொண்டே மடித்து டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார். பிறகு பத்து ஊசிக்கு வெள்ளை நூல் கோத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தார். ரொட்டியும் முட்டையும் கட்டிக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்பினார்.

நாலு மணிக்குப் பழைய டயர் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கண்ணயர்ந்துவிட்டார் என்று யாரும் எழுப்பவில்லை. நாலரைக்கு டீ கொண்டுபோன வயர்மேன்தான் தோளைத் தொட்டது.

*

வந்தவர்கள் வந்து, அழுது, போனார்கள். அவருடைய தங்கை மட்டும் இரண்டு பெட்டியோடு வந்து தங்கிவிட்டாள். நாத்தனார் சமைத்தாள், துவைத்தாள், வாசலில் வந்து நின்றவர்களுக்குப் பதில் சொன்னாள். பத்தாம் நாளிலிருந்து இவள் மிஷினில் உட்கார்ந்தாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டை தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

மிஷின் வேலை நடந்தது. காலர் ஏறியது, கை ஏறியது, பையும் ஏறியது. பட்டன் மட்டும் ஏறவில்லை.

எட்டு மணிக்கு முக்காலியில் உட்காருவாள். சட்டையை மடியில் போடுவாள். பஞ்சுத் திண்டில் அவர் கோத்து வைத்த பத்து ஊசியும் அப்படியே நிற்கும். ஒன்றை எடுப்பாள். வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் கை எழும்பாது. ஒன்பதானதும் ஊசியைத் திரும்பக் குத்திவிட்டு மிஷினுக்குப் போய்விடுவாள். இருபத்தாறு வருஷமாகக் காதில் குரல் விழ விழ நகர்ந்த கை அது, குரல் இல்லாமல் நகரமாட்டேன் என்றது. பட்டன் இல்லாத சட்டைகள் கட்டில்மேல் குவிந்துகொண்டே போயின.

"நான் வெச்சுத் தரட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"உனக்குப் பட்டன் வைக்கத் தெரியுமா?"

"எங்க வீட்டுல அவர் சட்டைக்கு நான்தானே வெக்கறேன்."

"அவர் சட்டையைப் பார்த்திருக்கேன்" என்றாள் இவள். நாத்தனாருக்குக் கோபம் வரவில்லை. அண்ணி வாயைத் திறந்ததே பெரிது என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ரேடியோ வைத்துப் பார்த்தார்கள். சினிமாப் பாட்டு ஓடியது. பாட்டுக்குக் கை அசைந்தது. ஆனால் நாலு பட்டன் கோணல். பிரித்துப் போட்டாள்.

லைப்ரரியிலிருந்து போன் வந்தது. லைப்ரரியம்மா முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு இழுத்தார். "எனக்கே கேக்கக் கஷ்டமா இருக்கு. அந்தப் புத்தகம் கெடு தாண்டி ஒரு வாரம் ஆச்சு. நாலு பேர் எழுதி வெச்சிருக்காங்க. மொத ஆள் தினமும் வந்து என் மேஜை முன்னாடி நிக்கறாரு. வாயைத் திறந்து கேக்கறதில்ல. நின்னுட்டுப் போயிடறாரு."

"யாரு?"

"டிப்போ வயர்மேன்."

இவளுக்குத் தெரியும். வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்த அன்றும் வயர்மேன்தான் முன்னால் நின்றார். அழுது வீங்கிய முகத்தோடு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், மிஷின்மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அரை நிமிஷம் நின்றார். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டவர்போல வேகமாக வெளியே போனார். ஐந்து வாரமாக அந்தப் புத்தகத்துக்குக் காத்திருந்த மனிதர்.

"வெள்ளிக்கிழமை காலையில அவரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்தாள்.

"டப்பாவத் திறந்து பார்த்துட்டுக் குடுத்துடலாமே அண்ணி" என்றாள் நாத்தனார். டப்பா மிஷின் இழுப்பறையில் இருப்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கடைசி அத்தியாயம் படிக்காம டப்பாவத் திறக்கறதில்ல."

"அப்ப படிச்சுடுங்க."

"நான் எங்க படிச்சேன்? எனக்குக் கேட்டுத்தான் பழக்கம்."

அது பொய்யில்லை. எழுத்துத் தெரியும், அளவு நோட்டும் கடிதமும் படிப்பாள். ஆனால் முந்தின நாள் புத்தகத்தை விரித்து இரண்டு வரி பார்த்ததில், கதையே வேறெங்கோ நடப்பதுபோல இருந்தது. மூடிவிட்டாள்.

*

வயர்மேன் எட்டுக்கெல்லாம் வந்துவிட்டார். தலை சீவி, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர்போல வாசலில் நின்றார். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நாத்தனார் டீ கொடுத்தாள்.

"புத்தகத்துக்காக வந்தேன்னு நினைக்காதீங்கக்கா."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

அவர் டீயைக் குடித்தார். "புத்தகத்துக்காகத்தான்."

இவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. கட்டிலைக் காட்டினாள். "நாப்பத்திரண்டு சட்டை. ஒண்ணுலயும் பட்டன் இல்ல. திங்கட்கிழமை பசங்க போட்டுக்கணும்."

வயர்மேன் சட்டைகளைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. "எனக்குத் தைக்கத் தெரியாதேக்கா. ஒயர்தான் ஒட்டுவேன்."

"தைக்க வேணாம். கடைசி அத்தியாயத்த எனக்குப் படிச்சுக் காட்டுங்க. அது முடிஞ்சா என் கை நகரும்னு தோணுது. முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுங்க."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. துப்பறியும் நாவல் படிக்கிறவனிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். ஒரு படத்தின் முடிவை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தியேட்டர் வாசலிலேயே டிக்கெட்டைக் கிழித்துப்போட்டுத் திரும்பியவர் அந்த வயர்மேன். டிப்போவில் அவர் படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"அக்கா, நான் இன்னும் மொத பக்கமே பார்க்கலக்கா."

"தெரியும்."

"அஞ்சு வாரம்க்கா."

"தெரியுங்க. வேணாம்னா விடுங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன். இந்தாங்க."

புத்தகத்தை நீட்டினாள். அவர் வாங்கினார். அட்டையைத் தடவினார். முதல் பக்கத்தைத் திறந்தார், மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். பஞ்சுத் திண்டில் வெள்ளை நூல் தொங்குகிற ஊசிகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தைத் தேடி எடுத்தார்.

"டயரண்ணன் மாதிரி குரலெல்லாம் மாத்திப் படிக்க வராது."

"மூக்கப் பிடிக்காமப் படிச்சாப் போதும்."

அவள் ஒரு ஊசியை உருவினாள். வயர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் புறப்படும் நேரம் அறிவிக்கிற குரலில் படிக்கத் தொடங்கினார். மாளிகைக் கூடம். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை. இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கிறார். முதல் பட்டன் ஏறியது. இரண்டாவது ஏறியது. கதவோரம் நின்ற நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு சட்டை முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் கையை நீட்டிக் கொலைகாரனின் பெயரைச் சொன்னார். வயர்மேன் அதை உரக்கப் படித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"யாரு அது?" என்றாள் அவள்.

"என்னக்கா என்னைக் கேக்கறீங்க? நீங்கதானே மொதல்லேர்ந்து கேட்டது?"

"எனக்குப் பேரு தெரியாதே. அவரு பேரே படிக்கமாட்டாரு. அத்தையா, தோட்டக்காரனா, யாருன்னு போட்டிருக்கு?"

"வெறும் பேருதான் போட்டிருக்கு. ஆம்பளைப் பேரு."

"அப்ப அத்தை இல்ல" என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு. மேல படிங்க, தெரியும்."

மேலே படித்தார். கொலைகாரன் தலையைக் குனிந்தான். இன்ஸ்பெக்டர் உயிலைப் பற்றி ஒரு பக்கம் பேசினார். எல்லாம் பெயர் பெயராகவே வந்தது. கொன்றவன் பெயரும் செத்தவர் பெயரும் இவளுக்கு ஒன்றுபோலவே கேட்டன. அங்கே உட்கார்ந்திருந்த மூன்று பேரில், கதை கேட்டவளுக்குப் பெயர் தெரியவில்லை, பெயர் தெரிந்தவருக்குக் கதை தெரியவில்லை.

"முன்னாடி புரட்டிப் பாருங்க. அந்தப் பேரு வர்ற இடத்துல ஆளு யாருன்னு இருக்கும்."

"அக்கா!" வயர்மேன் நிஜமாகவே நெஞ்சில் கைவைத்தார். "முடிவுதான் போச்சு. முன்னாடியும் பார்த்துட்டா எனக்கு மிச்சம் என்னக்கா இருக்கும்?"

"அந்தப் பேர மட்டும் பாருங்க. மத்தத மறைச்சுக்குங்க."

அவர் புத்தகத்தின் தொடக்கத்துக்குப் போனார். பக்கத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கையை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் தேடினார். "ஐயோ, இங்க ஒரு நாய் சாவுது. அதைப் பார்த்துட்டேன்" என்றார். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இன்னும் எட்டுப் பக்கம் புரண்டது. கை நின்றது.

"அக்கா."

"சொல்லுங்க."

"பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கு."

ஊசி நின்றது.

வயர்மேன் எழுந்தே நின்றுவிட்டார். "டாக்டர்க்கா! டாக்டர்தான் கொலைகாரன்! எங்கண்ணன் ஜெயிச்சுட்டாரு! எத்தனை வருஷம் டிப்போல எல்லாரும் கிண்டல் பண்ணியிருப்போம், கடைசில ஜெயிச்சுட்டாரே மனுஷன்! டப்பா எங்கக்கா? டப்பாவ எடுங்க!"

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். இவள் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது, அவர் அழுத்தினால் அப்படித்தான் இருக்கும். கத்தரி நுனியால் நெம்பினாள். உள்ளே இரண்டு சீட்டு.

முதலில் வந்தது இவளுடையது. அத்தை என்று எழுதியிருந்தாள்.

இரண்டாவதைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்துவிட்டு வயர்மேனிடம் கொடுத்தாள்.

"தோட்டக்காரன்" என்று படித்தார் வயர்மேன். சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒன்றுமில்லை. "தோட்டக்காரனா? அண்ணனா? டாக்டர் இருக்கற கதையிலயா? இது அண்ணன் எழுத்துத்தானாக்கா?"

"அவர் எழுத்துத்தான்."

"ஏன்க்கா?"

இவள் கையிலிருந்த சட்டையின் ஐந்தாவது பட்டனை வைத்து முடித்தாள். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"டாக்டர்னு எழுதினா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். "போகக்கூடாதுன்னு மாத்தி எழுதியிருக்காரு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வயர்மேன் மெதுவாக உட்கார்ந்தார்.

"வாரம் பூராத் தோளப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு" என்றாள் அவள். "நான் அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும். எதுக்கு நாளைக்குன்னு சொன்னேன்? எதுக்கு அதைப் பந்தயத்துல கொண்டுபோய் வெச்சேன்?"

"அண்ணி" என்றாள் நாத்தனார். "எங்கண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க கையக் காலக் கட்டித் தூக்கிட்டுப் போயிருந்தாலும் ஆஸ்பத்திரி வாசல்ல குதிச்சு ஓடியிருக்கும். சின்னதுல ஒரு ஊசிக்குப் பயந்து ரெண்டு நாள் சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்துச்சு."

"டிப்போல வருஷா வருஷம் உடம்பு பார்க்க டாக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் லீவு போடுவாரு" என்றார் வயர்மேன். "நாங்க சிரிப்போம்."

இவள் மூக்கை உறிஞ்சினாள். மூக்கு அடைத்திருந்தது. அடுத்த ஊசியை உருவிக்கொண்டு, "மிச்சத்தப் படிங்க" என்றாள்.

"ஆள்தான் தெரிஞ்சு போச்சேக்கா."

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குல்ல? அரைகுறையா விடக்கூடாது."

அவர் படித்தார். டாக்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். மழை நின்றது. தோட்டக்காரன் ரோஜாப் பதியன்களுக்கு மண் அணைத்தான். அத்தை எல்லோருக்கும் சூப் கொண்டுவந்தாள், யாரும் குடிக்கவில்லை. முற்றும் என்று வயர்மேன் அழுத்திச் சொன்னபோது மணி ஒன்பதேகால். மிஷினை யாரும் தொடவில்லை.

புத்தகத்தை மூடுமுன் முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் எடுத்துக் கொடுத்தார். "அண்ணன் புள்ளிய நீங்க வெச்சுடுங்கக்கா."

பென்சிலை வாங்கினாள். பக்கத்தின் கீழ்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவர் முடிக்கலையே."

*

அன்று சாயங்காலத்துக்குள் பத்து ஊசியின் நூலும் தீர்ந்தது. பதினோராவது ஊசிக்கு அவளே நூல் கோத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நுனியை எச்சில் தொட்டு, ஏழெட்டுத் தடவை தவறி, கோத்தாள். இரண்டு பேருமே தோற்றால் யார் கோக்க வேண்டும் என்று அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை. அப்படி ஒரு தடவையும் நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பத்திரண்டு சட்டையும் மடித்துக் கட்டியாகிவிட்டது.

வயர்மேன் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து படித்தார். திரும்பக் கொடுக்கப் போகிற வழியில் வாசலில் நின்று சொன்னார்: "தெரிஞ்சும் பயமாத்தான் இருந்துச்சுக்கா. அந்த டாக்டர் நல்லவன் மாதிரி நாடி பிடிச்சுப் பார்க்கறப்பல்லாம், டேய் டேய்னு கத்தினேன். என் பொண்டாட்டி எழுந்து வந்துட்டா."

நாத்தனார் ஊருக்குப் போனாள். இவள் லைப்ரரியில் தன் பெயரில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டாள். எட்டிலிருந்து ஒன்பதுவரை இப்போதும் மிஷின் ஓடுவதில்லை. முதலில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கிறாள், பிறகு ஒரு பட்டன் வைக்கிறாள், பிறகு அடுத்த பக்கம். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. பெயர்களை அவளும் படிப்பதில்லை.

அந்தப் புத்தகம் மூன்றாவது அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருக்கிறது. அட்டை கிழிந்து வேறு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் வயர்மேனுடைய பெருக்கல் குறி இருக்கிறது. மற்றவர்களுடைய கோடுகளும் வட்டங்களும் அங்கங்கே இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறாள். முப்பத்து மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில் ஒன்றுமில்லை.